டெய்சிப் பூவில் நண்டுச் சிலந்தி

தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் ஜூன் மாதம் காட்டுப்பூக்கள் மண்டும் புல்வெளிகளுக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்தபடியே நடந்து கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே பூவின் எதிரே அரை மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கே அந்த வெளி தன்னைக் காட்டும்.

இம்முறை நான் அமர்ந்தது ஓர் ஆக்ஸ்ஐ டெய்சியின் முன்னால். வெள்ளை இதழ்களின்மேல் அதே வெண்மையில் ஒரு பெண் நண்டுச் சிலந்தி, நீண்ட முன்கால்களை அகல விரித்து அசையாமல் இருந்தது. இரை பிடிக்க இது வலை பின்னுவதில்லை. காத்திருப்பதே இதன் வேட்டை. பூவின் மஞ்சள் நடுவட்டத்தில் ஓர் ஈ இறங்கித் தேன் உறிஞ்சத் தொடங்கியதும் சிலந்தி மெல்லத் திரும்பியது. எட்டும் தூரத்துக்கு வந்தவுடன் முன்கால்களால் வளைத்துப் பிடித்து, தலைக்குப் பின்னால் கடித்தது. சில நொடிகள் அதிர்ந்த ஈயின் இறக்கைகள் அடங்கின. இதே சிலந்தி மஞ்சள் பூவுக்கு இடம்பெயர்ந்தால், மேல்தோல் செல்களில் மஞ்சள் நிறமியைச் சேர்த்துத் தானும் மஞ்சளாகிவிடும். அதற்கு 10 முதல் 25 நாள்கள் பிடிக்கும். வெண்மைக்குத் திரும்புவதோ விரைவாக நடந்துவிடும். உருவில் மிகச் சிறிய ஆணுக்கு இந்தத் திறன் இல்லை.

சற்றுக் கீழே, தண்டில் எச்சில் போல ஒட்டியிருந்த நுரைக்குள் ஃப்ராக்ஹாப்பர் என்ற தாவும் பூச்சியின் இளம்பருவ உயிர் ஒன்று தலைகீழாகச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது. தான் கழிக்கும் நீரில் காற்றைக் கலந்து அது உண்டாக்கும் நுரையே அதற்கு வெயிலிலிருந்தும் எதிரிகளிடமிருந்தும் காப்பு. வளர்ந்தபின் சுமார் 6 மில்லிமீட்டரே நீளமுள்ள இப்பூச்சி 70 சென்டிமீட்டர் உயரம்வரை தாவும் என்பதை, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் மால்கம் பர்ரோஸ் 2003-இல் வெளியிட்டார்.

இத்தனை உயிர்களுக்கும் இடம் அமைத்துத் தருவதில் யெல்லோ ராட்டில் என்ற சிறு செடிக்குப் பெரும் பங்குண்டு. அது புல்லின் வேர்களிலிருந்து நீரையும் சத்தையும் உறிஞ்சிப் புல்லைத் தளர்த்துவதால், மற்றப் பூச்செடிகள் தலையெடுக்கின்றன. ஆனால் அது ஓராண்டுச் செடி. விதை உதிரும் முன்பே புல்வெளியை வெட்டினால் மறு ஆண்டு அங்கே முளைக்காது. சிவப்புப் பொட்டிட்ட பர்னெட் அந்துப்பூச்சியின் கூடுகளும் புல் தண்டுகளில்தான் ஒட்டியிருக்கின்றன. 1930களில் இருந்த பூவெளிகளில் 97 சதவீதத்தைப் பிரிட்டன் இழந்துவிட்ட நிலையில், எஞ்சியவற்றிலாவது ஜூலைக் கடைசிவரை புல்வெட்டும் எந்திரத்தை இறக்கக் கூடாது. வெட்டிய புல்லையும் அங்கேயே மக்க விடாமல் வாரிச் செல்ல வேண்டும். மண்ணில் சத்து ஏறினால் முரட்டுப் புல்தான் முதலில் செழிக்கும்.