மலைக்காட்டில் ஒரு கெட்சால்

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவுக்குப் போகிறவர்கள் பலர் தலைநகர் சான் ஹோசேயில் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் காட்டைப் பார்த்து ஓடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே பழைய ராணுவக் கோட்டை ஒன்றில்தான் தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. 1948இல், ‘இனி எங்களுக்கு ராணுவம் வேண்டாம்’ என்று நாடு அறிவித்ததும் அதே கோட்டையில்தான். அந்தச் சுவர்களில் இன்னும் குண்டு பாய்ந்த தடங்கள் இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன், சிலிர்த்தது.

பிறகு தலமங்கா மலைத்தொடர். சான் ஹெரார்தோ டி டோட்டாவில் அதிகாலைக் குளிர் எலும்பு வரை ஏறியது. காட்டு அவகாடோ மரத்தடியில் அண்ணாந்து காத்திருந்தோம். வந்தது கெட்சால் பறவை! பச்சை முதுகு, செக்கச்சிவந்த வயிறு, உடலைவிட நீண்ட வால் இறகுகள். பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. பின்னர் கொட்டையை மட்டும் வெளியே கக்கியது. அந்த மரத்தை அடுத்த சரிவில் விதைப்பதும் இந்தப் பறவைதான்.

1980களில் காடு நாட்டின் நிலப்பரப்பில் கால்வாசி அளவுக்குச் சுருங்கியிருந்தது. 1996 வனச் சட்டத்துக்குப் பின், எரிபொருள் வரியிலிருந்து பணம் எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். இன்று பாதிக்கும் மேல் காடு. ஒரு சிறிய நாடு இதைச் செய்திருக்கிறது!

போகிறவர்கள் கரீபியன் கடற்கரையிலுள்ள டோர்டுகேரோவை விட்டுவிடாதீர்கள். சாலை கிடையாது, படகு அல்லது சிறு விமானம்தான். ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும்.