ஃபார்ம் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்

இத்தனை வருடம் கழித்தும் அந்த கல்யாண லைசென்ஸ் கவுண்டரை நினைத்தால் வயிறு எரிகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் சின்ன கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஒன்றில் இருந்தோம். 2015 ஜூன் 26 அன்று, தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அடுத்த வாரமே என் காதலியும் நானும், இரண்டு பெண்கள், கல்யாண லைசென்ஸ் வாங்கப் போனோம். அடையாள அட்டை, கட்டணம் எல்லாம் கையில் இருந்தது.

“புது ஃபார்ம் இன்னும் வரலை” என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. ஆண், பெண் என்று பிரிக்காத புது ஃபார்மை மாநில சுகாதாரத் துறை தீர்ப்பு வந்த அன்றே வெளியிட்டிருந்தது. அதை பிரிண்ட் எடுத்தே போயிருந்தேன். நீட்டினேன். தொடக்கூட இல்லை. “சாஃப்ட்வேர் மாத்தணும், வாரக்கணக்கில் ஆகும்” என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஆணும் பெண்ணும் எங்கள் கண்ணெதிரிலேயே லைசென்ஸ் வாங்கிப் போனார்கள். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) கென் பாக்ஸ்டன் ஜூன் 28 அன்று சொன்ன சட்டக் கருத்து. மத நம்பிக்கை உள்ள கிளார்க் (லைசென்ஸ் கொடுக்கும் கவுண்டி அதிகாரி) மறுக்கலாம் என்றார். மறுத்தால் வழக்கும் அபராதமும் வரலாம் என்று அதிலேயே இருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

டெக்சாஸில் எந்த கவுண்டியில் வாங்கினாலும் செல்லும், டாலஸுக்குப் போங்களேன் என்றார்கள் நண்பர்கள். வரி கட்டுவது இங்கே, லைசென்ஸுக்கு மட்டும் ஏன் வேறு ஊர் போகணும்? நாங்கள் போகவில்லை.

மறுப்பதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். தரவில்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அங்கேயே நின்று குறித்துக்கொண்டேன். வக்கீலிடம் போனபோது உதவியது அந்தக் குறிப்புதான். இதை மட்டும் மறக்காதீர்கள்.

வக்கீல் கடிதத்தை கிளார்க்குக்கு அனுப்பவில்லை, கவுண்டியின் சட்ட ஆலோசகருக்கு அனுப்பினார். பணம் போகும் இடம் அவருக்குத்தான் தெரியும் என்றார். அரசுப் பதவியில் இருப்பவர் ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால் மத்திய சிவில் உரிமைச் சட்டத்தின் 1983ஆம் பிரிவின் கீழ் அவர் மீதே கேஸ் போடலாம். ஜெயித்தால் வக்கீல் ஃபீஸும் எதிர்த்தரப்பின் தலையில். ஹூட் கவுண்டியில் ஒரு ஜோடி ஜூலை 6 அன்று கேஸ் போட, அன்றைக்கே லைசென்ஸ் கிடைத்த செய்தி அதற்குள் பரவியிருந்தது. (அந்த கவுண்டி பிறகு அவர்களின் வக்கீல் செலவுக்கு 43,872 டாலர் கொடுத்து சமரசம் செய்தது.) எங்களுக்கும் போன் வந்தது, வரச் சொல்லி. உதவி கிளார்க் ஒருவர் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

கென்டக்கி மாநிலம் ரோவன் கவுண்டியின் கிளார்க் கிம் டேவிஸ், அதே வருடம், கோர்ட் உத்தரவுக்குப் பிறகும் லைசென்ஸ் கொடுக்க மறுத்தார். செப்டம்பர் 3 அன்று நீதிமன்ற அவமதிப்புக்காக ஜெயிலுக்குப் போனார். மறுநாளே அவர் ஆபீஸ் ஊழியர்கள் லைசென்ஸ் கொடுத்தார்கள். 8ஆம் தேதி விடுதலை. 2023இல் ஜூரி அவர் திருப்பி அனுப்பிய ஒரு ஜோடிக்குத் தலா 50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு வக்கீல் ஃபீஸும் செலவுமாக 2,60,104 டாலர் விழுந்தது. அவருடைய மேல்முறையீட்டை 2025 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்துவிட்டது. படித்த அன்று இரண்டு பேரும் அழுதோம். ஆனால் அதே கிளார்க் திருப்பி அனுப்பிய இன்னொரு ஜோடிக்கு வேறொரு ஜூரி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நஷ்ட ஈட்டை நம்பிக் கேஸில் இறங்காதீர்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒன்று. லைசென்ஸ் கையில் வந்தாலும் சடங்குக்கு 72 மணி நேரம் காத்திருக்கணும். நடத்தி வைப்பவரையும் முன்னாடியே பேசி வையுங்கள். மத நம்பிக்கை காரணமாக நீதிபதி கல்யாணம் நடத்தி வைக்க மறுக்கலாம் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் நடத்தை விதியில் விளக்கம் சேர்த்திருக்கிறது. அது சடங்குக்கு, நீதிபதிகளுக்கு. லைசென்ஸ் கவுண்டரில் யாராவது அதைக் காட்டினால், எழுதித் தரச் சொல்லுங்கள்.