கையில் ஒரு பென்சில்

இன்று பள்ளி வாசலில் என் மகள் வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு பென்சில் மட்டுமே இருந்தது.

பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்ததால், புத்தகப்பையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வரிசையாக வெளியேறச் சொன்னபோது பாதிக் கணக்கில் இருந்தவள், அதை அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வியர்வையில் நனைந்திருந்த அந்தப் பென்சிலை வீடு வரும்வரை அவள் விடவில்லை.

மோப்ப நாய்களோடு வெடிகுண்டு நிபுணர்கள் ஒவ்வோர் அறையாகத் தேடிய பிறகு, மிரட்டல் மின்னஞ்சல் வெறும் புரளி என்று காவல்துறை அறிவித்தது.

அதற்குள் "இரண்டு குண்டு கிடைத்ததாம்" என்ற குரல்பதிவு பெற்றோர் குழுவில் பரவிவிட்டது. எங்களில் பலர் வண்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடியதால், தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியின்றி நின்றது. அந்தக் குரல்பதிவை நானும் இருவருக்கு அனுப்பினேன். இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது.

மிரட்டியவர் யாரென்று தெரியாத அச்சம், பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகிக்கச் செய்கிறது. வேலைக்குப் புதியவர் என்பதற்காகவே ஒரு காவலாளியைச் சிலர் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள்; சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தூக்கிவந்து மைதானத்தில் சேர்த்தவர் அவர்தான் என்று ஓர் ஆசிரியை பிறகு சொன்னார்.

"நாளைக்குப் பள்ளி உண்டா அப்பா? கணக்கு பாதியில் இருக்கிறது" என்று கேட்டவள், பென்சிலைத் தலையணைக்கு அருகில் வைத்துவிட்டு உறங்குகிறாள்.