மழலையர் வகுப்புக்குள் அப்பத்தாவும் வர வேண்டும்

பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், இன்னிக்கு என்ன எழுதுனான்?" என்பதுதான். மதுரையில் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு பணியாற்றும் எனக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கும் தவிப்பு தெரியும்; தமக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்காவது கிடைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் அதற்குப் பதில் காட்டுவதற்காகவே பல வகுப்புகளில் களிமண்ணும் மரக்கட்டைகளும் அலமாரிக்குள் போய்விட, மூன்றரை வயதுக் கையில் பென்சில் ஏறிவிடுகிறது. மனிதன் பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகி எலும்பாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட கை பக்கம் பக்கமாக 'அ' எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விளையாட்டே பாடம் என்பது நேற்று முளைத்த எண்ணமன்று. 1837இல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கான கூடத்தைத் தொடங்கிய பிரெடரிக் புரோபல், தாய்மார் வீட்டில் பிள்ளைகளோடு பாடி விளையாடுவதற்கென்று 1844இல் ஒரு பாட்டு நூலும் வெளியிட்டார்; பள்ளியையும் வீட்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நம் ஊர்ப் பால்வாடிகளுக்கு அரசு வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 வயது முதல் 8 வயது வரையிலான பருவத்துக்கு விளையாட்டு வழிக் கற்றலைத்தான் சொல்கிறது. இவையெல்லாம் ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு வீடுகளுக்குச் சொல்லப்படவில்லை என்பதே என் குறை.

குடும்பத்தின் பங்கு என்றவுடன் வீட்டுப்பாடம் எழுதவைப்பதும் கட்டணம் கட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எங்கள் வகுப்புக்கு ஒரு பிள்ளையின் அப்பத்தா மல்லிகை மொட்டுகளும் வாழைநாருமாக வந்து அமர்ந்தபோது நடந்ததை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு என்று அவர் கேட்கக் கேட்க, பிள்ளைகள் காம்பு ஒடியாமல் எடுத்து இணை சேர்த்துக் கொடுத்தார்கள். அளவுக்கு மேல் விரலை அழுத்தினால் மொட்டு நசுங்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பென்சில் பிடிப்பதற்குத் தேவையான விரல் பக்குவமும், இரண்டும் இரண்டும் நான்கு என்ற கணக்கும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கும் பழக்கமும் அந்த ஒரே வேலைக்குள் இருந்தன. தன் அப்பத்தாவை எல்லோரும் 'டீச்சர்' என்று கூப்பிட்டதைக் கேட்டு, அதுவரை அதிகம் பேசாத அந்தக் குழந்தை பேசத் தொடங்கியது எனக்கு மிகப் பெரிய செய்தி.

பல்லாங்குழியும் அப்படித்தான். ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளை, ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணின் அடிப்படையைக் கையாலேயே கற்றுக்கொள்கிறது. நான்கு சேர்ந்தவுடன் எண்ணிப் பார்க்காமலே 'பசு' என்று அள்ளுகிறது. சிறு பிள்ளைகள் கொட்டைகளை வாயில் போட்டுவிடக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும், அதற்கு அம்மாச்சியைவிடப் பொருத்தமானவர் யார்? அப்பாக்கள் வருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் பிள்ளையை மடியில் வைத்து, தாம் சின்ன வயதில் நுங்கு வண்டி செய்த விதத்தைச் சொன்னால் அதுவும் பங்களிப்பே.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது எழுதச் சொல்லிச் சோதிப்பார்களே என்று பெற்றோர் அஞ்சுவதில் காரணம் இருக்கிறது. அப்படிச் சோதிக்கும் பள்ளிகள் செய்வது தவறு என்று அந்தப் பெற்றோரோடு சேர்ந்து நானும் பேசத் தயார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நோட்டுகளை அடுக்கிவைக்கப் போவதில்லை. களிமண், கொட்டாங்குச்சி, பல்லாங்குழி ஆகியவற்றோடு பாயை விரித்துவைப்பேன். வருகிறவர்கள் தம் பிள்ளையோடு அரை மணி நேரம் விளையாடிவிட்டு, அதன் பிறகு என்னிடம் கேள்வி கேட்கட்டும்.