இரண்டாம் மாடியில் இரண்டு முயல்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, துணி காயப்போட மட்டுமே இடமுள்ள ஒரு பால்கனி. இதில் என் கணவரும் நானும், முத்து, பவளம் என்ற இரண்டு முயல்களுமாக மூன்று ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம்.

முதலில் வாங்கிய கம்பிக் கூண்டை ஒரே மாதத்தில் கைவிட்டோம். நாய், பூனையின் பாதத்தில் இருக்கும் மெத்தை முயலுக்குக் கிடையாது, மயிர் மட்டுமே என்பதால், கம்பியில் நின்று நின்று பவளத்தின் குதிகால் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து முன்னறை முழுவதும் அவற்றுக்கே. வழுக்காமல் இருக்கட்டுமென்று விரித்த பத்தமடைப் பாய் கோரையால் ஆனதாயிற்றே. ஓரத்தில் ஒரு சாண் அளவு தின்றுவிட்டன. மின்கம்பிகளை எல்லாம் ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டோம். முத்துவுக்குக் கருத்தடையும் செய்தாயிற்று. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான்.

முயலுக்குக் காரட்தான் உணவு என்று பலர் நம்புகிறார்கள். அதில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் தேய்வதற்கும், குடல் ஓயாமல் இயங்குவதற்கும் புல்தான் வேண்டும். கீழ்வீட்டு ஆச்சி வயலுக்குப் போய்வரும்போதெல்லாம், "ஏளா, மருந்தடிக்காத எடத்துலதான் பறிச்சேன், பயப்படாம போடு" என்று ஒரு கட்டு அருகம்புல்லைத் தந்துவிட்டுப் போவார். மீந்ததை மாடியில் நிழலில் உலர்த்தி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் விட எனக்கு அச்சம் தருவது வெயில். முயலால் நம்மைப் போல் வியர்த்துக் குளிர இயலாது. உடற்சூடு பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற வேண்டும். சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திரத்தின்போது ஒரு நாள் நண்பகலில் மின்சாரம் போய் மாலையில்தான் வந்தது. அன்று பவளம் கொத்தமல்லித் தழையை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, உடைத்தால் புல்நார் தெரியும்படி இருக்கும் புழுக்கை, அன்று மிளகளவில் நான்கைந்து மட்டுமே கிடந்தது. வாந்தி எடுக்கவும் இயலாத அந்த உயிர் அரை நாள் தின்னாமல் இருந்தாலே குடல் நின்று ஆபத்தாகிவிடும். ஈரத்துணி விரித்த கூடையில் வைத்து ஆட்டோவில் விரைந்தோம். மருத்துவர் தோலுக்கடியில் நீர்மருந்தும் வலிக்கு ஊசியும் போட்டு, அரைத்த புல்கூழை ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது சிறிதாகப் புகட்டச் சொன்னார். இரவெல்லாம் மடியில் வைத்துப் புகட்டினோம். விடியற்காலை பாயில் ஒரே ஒரு புழுக்கை, முழு அளவில் கிடந்தது. அதை உள்ளங்கையில் ஏந்திச் சென்று கணவரை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது காலையில் புழுக்கையைப் பார்க்காமல் முன்னறையைப் பெருக்குவதில்லை. பங்குனி பிறந்ததுமே, காருகுறிச்சியில் வாங்கிய வாயகன்ற மண்பானையை இரவெல்லாம் நீரில் ஊறவைத்துக் காலையில் படுக்கைவாட்டில் கிடத்திவிடுகிறேன். வெயில் ஏறியதும் பவளம் அதற்குள் போய், காதுகளை ஈரமண்ணில் ஒட்டினாற்போல் படுத்துக்கொள்ளும். ஆனியில் சாரல் காற்று இந்தப் பக்கம் வீசத் தொடங்கும் வரை அந்தப் பானை அங்கிருந்து நகராது.