ஏற்றத்தில் கழற்றிய வார்

என் இடது காதுக்கு மேலே ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. முடி வளர்ந்து மூடிவிட்டதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, தலைக்குக் குளிக்கும்போது என் விரலுக்கு மட்டும் தட்டுப்படும். அந்தத் தழும்பு வந்த அன்று நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். மலைச் சைக்கிளுக்கென்றே செய்த நல்ல ஹெல்மெட், பின்மண்டை வரைக்கும் இறங்கி மூடுகிற வகை. நான் விழுந்த பிறகு, பக்கத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா செடிகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பாதை, முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டுதான் போவோம். கோவையிலிருந்து விடியற்காலையில் சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஏழரை மணிக்கு மிதிக்க ஆரம்பித்துவிடலாம். முதல் ஒன்றரை மணி நேரம் ஏற்றம்தான். ஏற்றத்தில் நம் வேகம் நடக்கிறவருடைய வேகம், ஆனால் வியர்வை மட்டும் ஓடுகிறவருடைய வியர்வை. தாடை வழியாக இறங்கி வார் முழுக்க ஊறிப்போய் கழுத்தை அரிக்கும். அதனால் கிளிப்பைக் கழற்றிவிட்டேன். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, வார் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கியது. மேலே போய்ச் சேர்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்து, நாலு படம் எடுத்து, மேகம் ஏறி வருகிறது மழைக்குள் இறங்கிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, சீட்டைத் தாழ்த்திக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிட்டோம். தலையில் கனம் தெரிந்தது, ஹெல்மெட்டைத் தலை அளவுக்கு இறுக்கத் திருகுகிற பின்மண்டை டயலும் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தது. கை தாடைப் பக்கம் போகவே இல்லை.

மூன்றாவது வளைவு தாண்டியதும் மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பாதைக்குக் குறுக்கே வெட்டிவிட்ட ஒரு வாய்க்கால். கற்பூரமரத்து இலை விழுந்து அதை மூடியிருந்தது. முன்சக்கரம் அதில் இறங்கி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே போனேன், முதலில் தரையில் பட்டது இடது தோள்பட்டை. தோள் பட்ட அந்த உதறலிலேயே ஹெல்மெட் கழன்று போய்விட்டது. அதற்குப் பிறகு உருண்டபோதுதான் ஒரு கல்லில் தலை பட்டது.

மலைப் பாதையில் விழுவதைப் பற்றி நான் அதற்கு முன்னால் இப்படி யோசித்ததே இல்லை. ரோட்டில் விழுந்தால் பெரும்பாலும் ஒரு அடி, அப்புறம் சறுக்கல். மலையில் அப்படிக் கிடையாது. சரிவு நம்மை உருட்டும், வேர் ஒரு அடி கொடுக்கும், கல் ஒரு அடி கொடுக்கும், பின்னாலேயே வருகிற நம் சைக்கிளும் ஒரு அடி கொடுக்கும். தலைக்கு வருகிற அடி முதல் அடியாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், எனக்கு அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தது. அதுவரைக்கும் ஹெல்மெட்டைத் தலையில் வைத்திருக்கிற வேலையைச் செய்வது அந்த முக்கால் அங்குல அகலத் துணி வார் மட்டும்தான். உள்ளே இருக்கிற வெள்ளைப் பொருள் டிவி பெட்டிக்குள் வைத்து வருகிற தெர்மாகோலின் சொந்தக்காரன், அதைவிடக் கெட்டி. அடிபடும்போது தான் நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடி கூடுதலாக வாங்கிக் கொடுக்கும். செடிக்குள் கிடந்தால் யாருக்காக நசுங்கும்?

பின்மண்டை டயலைத் திருகி இறுக்கிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டயல் ஹெல்மெட் ஆடாமல் உட்காருவதற்கு. விழும்போது அது பிடிக்காது. ஹெல்மெட்டைச் சோதனை செய்கிற முறையைப் படித்தபோது இது நன்றாகப் புரிந்தது. அமெரிக்காவில் 1999 மார்ச்சுக்குப் பிறகு தயாரான சைக்கிள் ஹெல்மெட் எல்லாம் அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சி வைத்த தரத்தைத் தாண்டியாக வேண்டும், ஐரோப்பாவில் அதே மாதிரி இஎன் 1078 என்ற தரம். சிபிஎஸ்சி சோதனையில் ஹெல்மெட்டை மாட்டிய தலை உருவத்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுவார்கள், இது எல்லாருக்கும் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் உண்டு. ஹெல்மெட்டின் விளிம்பில் ஒரு கொக்கியை மாட்டி, 4 கிலோ எடையை 60 செ.மீ. விழவிட்டுச் சுண்டி இழுப்பார்கள். முன்னாலும் பின்னாலும் இழுத்து, ஹெல்மெட் தலையை விட்டு உருண்டு கழன்று வருகிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் வாரை ஒழுங்காக மாட்டித்தான் நடக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கிற சான்றிதழ் கிளிப் போட்ட ஹெல்மெட்டுக்குக் கொடுத்தது. வாரைத் தொங்கவிட்டுவிட்டால் அந்த ஸ்டிக்கர் நமக்குப் பேசாது.

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், 129-ஆம் பிரிவு தலைக்கவசம் என்றால் என்ன என்று விளக்குகிற இடம் எனக்குப் பிடிக்கும். காயத்திலிருந்து காக்கிற விதமாகச் செய்திருக்க வேண்டும் என்பது முதல் பாதி, வார் கொண்டு தலையோடு உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அது தலைக்கவசம்.

ஏற்றத்தில் கழற்றுகிற ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசாக்ஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்டு மறுநாள் இறந்துபோனார். அது ரோடு பந்தயம்தான். அந்தச் சாவுக்குப் பிறகுதான் உலக சைக்கிள் சங்கமான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் முதலில் போட்ட விதியில் ஒரு விலக்கு வைத்தார்கள்: கடைசி ஏற்றம் 5 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அதில் கழற்றிவிடலாம். பின்னால் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். ஏற்றத்தில் வெந்துபோகிறது என்பது உண்மை, யாரும் மறுக்கவில்லை. மலைச் சைக்கிளில் ஏற்றம் முடிகிற இடத்தில் பந்தயம் முடிவதில்லை, இறக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஹெல்மெட்டையே தலையிலிருந்து எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கி நடந்து போங்கள் என்றுதான் நான் இப்போது எங்கள் குழுவில் சொல்கிறேன். வெறும் தலையில் காற்று பட்டால் இறங்குவதற்கு முன் யாருக்கும் ஞாபகம் வந்துவிடும். தலையில் ஹெல்மெட் இருந்து வார் மட்டும் திறந்திருப்பதுதான் ஆளை ஏமாற்றும்.

சரி, எப்படி மாட்டுவது? போன மாதம் அக்கா மகளுக்கு ஹெல்மெட் வாங்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கிறாள், மலையில் ஓட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிப்பு. வீட்டிலேயே தையல் டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்தேன், 54 செ.மீ. அக்கா உடனே, "வளர்ற பிள்ளைடா, ஒரு சைஸ் பெருசா வாங்கு" என்றாள். யூனிஃபார்ம் தைக்கிற கணக்கு இது, ஹெல்மெட்டுக்கு ஆகவே ஆகாது. பெரிய ஹெல்மெட்டை எந்த வாரைக் கொண்டும் சரி செய்ய முடியாது.

கடையில் முதலில் அவள் பின்தலையில் போட்டிருந்த கிளட்ச் கிளிப்பை எடுக்கச் சொன்னேன். அது ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். முடியை டயலுக்குக் கீழே வருகிற மாதிரி தாழ்வாகப் பின்னிக்கொண்டாள். ஹெல்மெட்டைப் படுக்கை வாட்டில் வைத்தோம், புருவத்துக்கும் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பிள்ளைகள் எப்போதும் நெற்றி தெரிகிற மாதிரி பின்னுக்குத் தள்ளிப் போடுவார்கள், அழகாக இருக்கிறதாம், ஆனால் விழுந்தால் காக்க வேண்டியது அந்த நெற்றியையும்தான். வார் மாட்டாமல் டயலை மட்டும் இறுக்கித் தலையை மெல்ல ஆட்டச் சொன்னேன். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் நகர்ந்தது. அளவு சரி.

பக்க வார்தான் எல்லாரும் விட்டுவிடுகிற இடம். காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வார் இறங்கி வரும், இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். அந்தப் பூட்டு காது மடலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எங்கேயோ தாடை நடுவில் தொங்கும், அப்படியே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டைத் திறந்து, மேலே நகர்த்தி, திரும்ப அழுத்தி மூட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. அப்புறம் கிளிப்பைப் போட்டு, தாடைக்குக் கீழே ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவுக்கு வாரை இழுத்தேன்.

"மாமா, நெரிக்குது."

"வாயைப் பெருசா ஆவென்னு திற."

திறந்தாள். ஹெல்மெட் உச்சியில் கீழே இறங்கியது.

"மேலே அமுக்குதா?"

"அமுக்குது."

"அவ்வளவுதான் வேணும். இப்ப வாயை மூடு, நெரிக்காது."

கடைசியாக முன்விளிம்பில் கை வைத்து மேல்நோக்கித் தள்ளினேன். ஹெல்மெட் பின்னால் சரிந்தது. அப்படிச் சரிந்தால் காதுக்கு முன்னால் வருகிற வாரைச் சுருக்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளும்போது கண்ணை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தால் பின்வாரைச் சுருக்க வேண்டும். மூன்றாவது தடவைதான் அசையாமல் நின்றது. மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த வார் நுனியை ரப்பர் வளையத்துக்குள் செருகினாள்.

இது ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிற வேலையும் இல்லை. வார் வியர்வையில் ஊறி, காய்ந்து, திரும்ப ஊறி மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும். என்னுடையதை மாதம் ஒருமுறை சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் திரும்ப ஒரு விரல் கணக்குப் பார்க்கிறேன். டிசம்பர் குளிரில் கம்பளிக் குல்லாய் போட்டு அதன்மேல் ஹெல்மெட் வைத்தால் இந்த அளவெல்லாம் மாறிப்போகும், மெல்லிய துணி மட்டும் போதும். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: சைக்கிளை விட்டு இறங்கி மரம் ஏறினாலும் ஊஞ்சல் ஆடினாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். அங்கே அந்த வாரே எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.

எங்கள் குழுவில் இப்போது இறக்கத்துக்கு முன்னால் எல்லாரும் நிற்கிறோம். சீட்டைத் தாழ்த்துகிற கை அடுத்தது தாடைக்குப் போக வேண்டும். தன்னுடையதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவருடையதையும் பார்க்க வேண்டும், கிளிப் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்ட பிறகுதான் முதல் ஆள் இறங்குவார்.

போன டிசம்பரில் திரும்பவும் விழுந்தேன். ஈர வேரில் பின்சக்கரம் வழுக்கி, வலது பக்கமாக, மரத்தடியில் தலை மோதியது. எழுந்து உட்கார்ந்தபோது ஹெல்மெட் தலையில் போட்ட இடத்திலேயே இருந்தது. தலைவலி, வாந்தி ஒன்றும் இல்லை, இருந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கீழே வந்து டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வெளி ஓட்டில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால், வலது நெற்றிக்கு மேலே தெர்மாகோலில் இரண்டு அங்குலத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அது தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, இன்னொரு தடவை செய்யாது. குப்பை வண்டியில் போடுவதற்கு முன்னால் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்க வாரையும் வெட்டினேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது, யாராவது எடுத்துப் போய்த் தன் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது.