நெட் தேறியாச்சா? அந்த அனுபவச் சான்றை முதலில் கவனியுங்கள்

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட், முடிவு வந்தாயிற்று, இனிப்பும் கொடுத்தாயிற்று. பேப்பர் 1-க்கு எதைப் படிப்பது என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் தேறிய பிறகு வருகிற சிக்கலுக்கு நேரே வந்துவிடுகிறேன். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கழுத்தறுக்கிற தாள் ஒன்று இருக்கிறது: கற்பித்தல் அனுபவச் சான்று.

ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை என்று எங்கே வேலை பார்த்தாலும், விலகும்போது பெரும்பாலும் கைக்கு வருவது "இன்னார் இங்கே பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" என்ற இரண்டு வரிதான். ஃபிரேம் போட்டு மாட்ட ஆகும், சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஆகாது. சான்றில் இருக்க வேண்டியவை:

- சேர்ந்த நாள், விலகிய நாள். "2022 முதல் 2024 வரை" என்று எழுதினால் போதாது; தேதி, மாதம், வருடம் மூன்றும் வேண்டும்.
- பதவி, பாடம், முழுநேரமா மணிக்கணக்கா என்ற விவரம்.
- நியமன ஆணையின் எண்ணும் தேதியும்.
- வாங்கிய சம்பளம்.
- முதல்வரின் கையெழுத்து, பெயர் முத்திரை, கடித எண்.

இதற்கு மேல், அரசுக் கல்லூரி வேலைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாகப் போகிறவர்களுக்கு மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம், அதாவது சான்றை உறுதிசெய்து அவர் போடும் கையெழுத்து, வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களான நமக்கு அந்த அலுவலகம் மதுரையில். மேலொப்பத்துக்குப் போனால் நியமன ஆணை, சம்பளப் பதிவு எங்கே என்ற கேள்வி வரும். கவரில் வைத்துக் கையில் கொடுத்த சம்பளத்துக்கு என்ன பதிவு இருக்கும்? முதல் மாதமே வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

என் ஒரே அறிவுரை இதுதான்: விலகும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு சான்று வாங்கிவிடுங்கள். முதல்வர் மாறுவார், நிர்வாகம் மாறும், அலுவலக அக்கா ஓய்வு பெற்றுவிடுவார். வேலையை விட்ட பிறகு போய் நின்றால் "சார் ஊரில் இல்லை" என்ற பதில் எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கும்.

சரி, இந்த அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பு? யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி, கல்லூரி நேர்முகத்துக்கு ஆள் வடிகட்டும் மதிப்பெண் பட்டியல் 100-க்கு. இளநிலையில் 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருந்தால் 19, முதுநிலையில் அதே அளவுக்கு 23. ஜேஆர்எஃப்போடு (இளநிலை ஆய்வு உதவித்தொகைத் தகுதி) நெட் என்றால் 10, வெறும் நெட் 8, மாநிலத் தகுதித் தேர்வான செட் 5. பிஎச்.டி. 25. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2, உச்சம் 6. அனுபவம் வருடத்துக்கு 2, உச்சம் 10.

இளநிலை 72, முதுநிலை 68, நெட், இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு 19+23+8+4, ஆக 54. பிஎச்.டி. சேர்ந்தால் 79. ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை என்று அழுகிறவர்கள் கவனிக்க: இந்தப் பட்டியலில் வித்தியாசம் 2 மதிப்பெண்தான். 2023 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயமில்லை என்று ஆனதால் அதை விட்டுவிடலாம் என்பவர்களும் இந்த 25-ஐ ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத் துறைகளுக்குப் பட்டியலே வேறு: பிஎச்.டி. 30, கட்டுரைகள் 10 வரை, நெட் 5 மட்டும். இரண்டிலும் இந்த மதிப்பெண் நேர்முகத்துக்குக் கூப்பிட மட்டும்தான். உள்ளே போனபின் நேர்முகத்தை வைத்துத்தான் தேர்வு. டிஆர்பி தன் அறிவிக்கையில் தனிக் கணக்கு வைக்கும், அதைத் தனியாகப் படியுங்கள்.

பிஎச்.டி. படித்த வருடங்களை அனுபவமாகக் காட்டாதீர்கள், ஏற்க மாட்டார்கள். விடுப்பு எடுக்காமல் பாடம் நடத்திக்கொண்டே படித்திருந்தால் அது வேறு.

கடல் அறிவியல் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொண்டியில் அழகப்பாவின் கடலியல் துறையிலோ வேறெங்கோ முடித்தவர்கள் எந்த நெட் எழுதுவது என்று குழம்புகிறார்கள். அறிவியல் பாடங்களுக்கு சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு) பெயரில் தனி நெட் உண்டு. உயிரியல் பக்கம் என்றால் அதில் லைஃப் சயின்சஸ்; நீரோட்டம், அலை, வண்டல் பக்கம் என்றால் புவி, வளிமண்டல, கடல் அறிவியல் தாள். யுஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியலும் இருக்கிறது. சிஎஸ்ஐஆரில் தப்பான விடைக்கு மதிப்பெண் கழியும், யுஜிசியில் கழியாது. அங்கே பழகிய கையோடு இங்கே வந்து கேள்விகளை விட்டுவிட்டு எழுந்து வருகிறவர்கள் உண்டு. மீன்வளக் கல்லூரி அறிவிக்கை வந்தால் பி.எஃப்.எஸ்சி. (மீன்வள இளநிலைப் பட்டம்) கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மண்டபத்து ஆராய்ச்சி நிலையங்களில் திட்டப் பணி கிடைத்தால் நல்ல வேலைதான், கட்டுரையும் வரும். ஆனால் மேலே சொன்ன அனுபவ வரிசையில் கற்பித்தலும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வும்தான் இருக்கின்றன. திட்ட உதவியாளர் வருடங்களுக்கு அதில் இடமில்லை.

தனியார் கல்லூரி நேர்முகம் பற்றிச் சுருக்கமாக. டெமோ வகுப்பு 10, 15 நிமிடம். முழு அலகையும் அள்ளிப் போடாமல் ஒரே ஒரு கருத்தை எடுங்கள். கரும்பலகையில் ஒரு படம், ஒரு கணக்கு, ஒரு கேள்வி. புரொஜெக்டரை நம்பாதீர்கள், வாடைக் காற்று மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முடிந்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை:

- எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டும் இருக்கும். எய்டட் என்றால் அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். சுயநிதி என்றால் அவர்கள் சொல்வதுதான் சம்பளம்.
- மே மாதச் சம்பளம் உண்டா?
- அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராகப் போக வேண்டுமா? சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், திரும்ப வாங்கிக்கொண்டு நகல் கொடுங்கள். "பாதுகாப்பாக இங்கேயே இருக்கட்டும்" என்பதற்கு ஒத்துக்கொண்டால், அடுத்த அறிவிக்கை வரும்போது மாற்றுச் சான்றும் பட்டமும் அவர்கள் பீரோவில் இருக்கும்.

சாதிச் சான்றிலும் ஒரு பள்ளம் உண்டு. டிஆர்பிக்கு மாநிலச் சான்று போதும். நெட்டுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று தனி. வருமான வரம்பு பார்த்து, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று கொடுப்பது. பழையதை நீட்டினால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள்.

மதுரைக்கு மேலொப்பத்துக்குப் போகும் நாளில் அசல் சான்று, இரண்டு நகல், நியமன ஆணை, வங்கிப் பாஸ்புக் நகல், நெட் சான்று, கல்லூரியின் முகப்புக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து ஆட்கள் விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள், மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தால் அந்த நாள் போயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் முதல்வரின் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மங்கலாக இருந்தால் மறுபடி அடித்து வாங்கிக்கொண்டு போங்கள்.